பயில்வான் சொன்ன ஹவ்

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், காலை ஷிப்ட் முடித்து வந்து பனியனோடு உட்கார்ந்திருந்த என் கணவர், தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள், கறிவேப்பிலை கேட்டு வந்து, அது கைக்கு வந்த பிறகும் போகாமல் நின்ற பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா, வெள்ளைச் சட்டை போட்ட சினிமா கம்பெனி மேனேஜர், மாடிப்படியின் கடைசிப் படியில், நிலை இடித்துவிடாமல் தலையைக் குனிந்துகொண்டு, எங்கள் மேல் அறையில் குடியிருந்த பயில்வான். ஆளை எண்ணி இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று பயில்வான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்பதில் என் கணவரும் நானும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

மேனேஜர் கேட்டது இதுதான். அவர்கள் எடுக்கிற படத்தில் வில்லனின் ஆட்களில் ஒருவன் முதல் மாடியிலிருந்து கீழே விழ வேண்டும். ஆள் பார்க்க மலை மாதிரி இருக்க வேண்டும். பக்கத்து ஏரியா உப்பலில் பயில்வான் போகிற ஜிம்மில் விசாரித்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஊப்பர் சே கூத்னா ஹை பயில்வான், ஹோத்தா கியா?" என்றார். மேலேயிருந்து குதிக்கணும், முடியுமா என்று.

பயில்வான் "ஹவ்" என்றார்.

எங்கள் ஊரில் ஹவ் என்றால் ஆமாம். நக்கோ என்றால் வேண்டாம். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்து கல்யாணம் கட்டிச் செத்தும் போகலாம். மேனேஜர் தொடையைத் தட்டி, "ஹவ் போலா! பக்கா!" என்று, ஆமாம் சொல்லிவிட்டார், முடிந்தது என்று, எழுந்துவிட்டார். என் கணவர் ஏதோ தனக்கே வேலை கிடைத்த மாதிரி அவருக்குக் கை கொடுத்தார். எனக்கு மட்டும் அது பதிலாகப் படவில்லை. பயில்வான் இங்கிலீஷ் பேசுகிற தேசத்துக்காரர். இங்கிலீஷில் ஹவ் என்றால் எப்படி என்று கேட்பது. அவர் சொன்னபோது அந்த வார்த்தையின் வால் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தது. நான் கேட்டேன். "அவர் பதில் சொல்லலைங்க, கேள்வி கேட்டார்" என்று கணவர் காதில் சொன்னேன். "ஒம்பதாவது பாதியில நின்னவளுக்கு இங்கிலீஷ்ல கேள்விக்குறி எங்க வருதுன்னு தெரிஞ்சுபோச்சா? சும்மா இரு" என்றார். பக்கத்து வீட்டம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

பயில்வான் எங்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு வார்த்தைக் குழப்பத்தோடுதான். என் கணவரின் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் வடார்க்காட்டிலிருந்து செகந்திராபாத் பட்டாளத்துக்குச் சமையல் வேலைக்கு வந்தவர். கணவருக்கு நாச்சாரத்தில் பம்ப் கம்பெனியில் வேலை கிடைத்ததும் நாங்கள் அங்கேயே கீழே ஒரு வீடும் மேலே ஒரு அறையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். மேல் அறைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தோம். ஒரு நாள் மத்தியானம் புரோக்கர் கதவைத் தட்டினான். திறந்தால், வாசல் முழுவதையும் ஒரு நீலச் சட்டை அடைத்துக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்க்க நான் ஒரு அடி பின்னால் போக வேண்டியிருந்தது. வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. பயத்தை மறைக்க, எந்த ஊர் என்று இந்தியில் கேட்டேன். "கானா" என்றார்.

எங்கள் ஊரில் கானா என்றால் சாப்பாடு. பாவம், பசியோடு வந்திருக்கிறார், இவ்வளவு பெரிய உடம்பு பசியில் வாசலிலேயே மயங்கி விழுந்தால் யார் தூக்குவது என்று உள்ளே ஓடித் தட்டில் சோறும் சாம்பாரும் போட்டுக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புரோக்கரைப் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, தட்டை எங்கே கழுவுவது என்று சைகையில் கேட்டார். சாயந்திரம் மகள் பள்ளிக்கூடத்து அட்லஸைப் பிரித்து ஆப்பிரிக்காவில் விரல் வைத்துக் காட்டினாள். "அம்மா! அதி தேசம் பேரு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் தெலுங்கில் வரும்.

கம்ப்யூட்டர் படிக்க வந்தவர் அவர். வெளிநாட்டுக்காரர், நாளைக்கு ஏதாவது ஆனால் யாரைப் போய்க் கேட்பது என்று நான் புலம்பியதில், எல்லோரிடமும் இரண்டு மாத அட்வான்ஸ் வாங்குகிற என் கணவர் அவரிடம் மூன்று மாதம் கேட்டார். மறு பேச்சில்லாமல் கொடுத்தார். அவருடைய பெயர் எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. உடம்பைப் பார்த்துப் பயில்வான் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதில் ஒரு வில்லங்கம், எங்கள் ஊரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவரையும் பயில்வான் என்றுதான் சொல்வது. பக்கத்து வீட்டம்மா சுளுக்கிய காலோடு தன் புருஷனைக் கைத்தாங்கலாக மாடிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் பயில்வான் எங்கள் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்து வைத்து அனுப்பினார். வீக்கம் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் ஃப்ரிட்ஜில் ஐஸ் தங்கியதில்லை.

நான் கவலைப்படுகிறவள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு கேஸை மூடினோமா என்று இறங்கி வந்த பெண்பிள்ளை. மேலே அவர் இரும்பைத் தூக்கிப் போடுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் கூடத்து மின்விசிறி ஆடும், கூடவே என் உயிரும் ஆடும். தளம் விரிசல் விட்டிருக்கிறதா என்று ஸ்டூல் போட்டு ஏறிப் பார்ப்பேன். ஒரு நாள் அந்த ஸ்டூலோடு என்னைப் பார்த்துவிட்டார். மறுநாள் எங்கிருந்தோ பழைய லாரி டயர்களை உருட்டிக்கொண்டு வந்து அறையில் பரப்பினார். அப்புறம் சத்தமே இல்லை. தூங்குகிற குழந்தையைப் பாயில் விடுவதுபோல இரும்பைக் கீழே வைக்கப் பழகிக்கொண்டார் என்று மகள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். தினமும் காலையில் ஒரு கிண்ணம் நிறைய முட்டை மஞ்சள் கரு கீழே வரும். வெள்ளைக் கரு அவருக்கு, மஞ்சள் எங்களுக்கு. பொடிமாஸ், குழம்பு என்று விதவிதமாகச் செய்து, கொழுப்பு ஏறிவிடுமோ என்று பயந்துகொண்டே சாப்பிட்டோம்.

அவருக்கும் ஒரு பயம் இருந்தது. எனக்கு மட்டும்தான் அது தெரியும் என்று நினைக்கிறேன், ஒரு பயந்தாங்கொள்ளியை இன்னொரு பயந்தாங்கொள்ளிக்குத்தானே தெரியும். மாடியில் துணிக்கொடி கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போகும். சுவர் குட்டை. துவைத்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரிலிருந்து நான்கடி தள்ளி நின்று, "சிஸ்டர், ப்ளீஸ்" என்று என் மகளைக் கூப்பிடுவார். ஆறாம் வகுப்புப் பிள்ளை போய் உலர்த்திவிட்டு வரும். தன் தலை இருக்கிற உயரத்துக்கு மேல் எந்த உயரமும் அவருக்கு ஆகாது. அதனால்தான் அந்த ஹவ் கேள்வி என்று நான் அடித்துச் சொன்னேன்.

படப்பிடிப்பு அன்று நான் வாசலிலேயே நின்றிருந்தேன். நடந்துதான் வந்தார். கை கால் எல்லாம் இருந்தது. கீழே காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை போட்டிருந்தார்களாம். கண்ணை மூடிக்கொண்டு விழுந்தாராம், அதுவே நன்றாக இருக்கிறது என்று கைதட்டினார்களாம். "உண்மையைச் சொல்லுங்க. அன்னைக்கு நீங்க சொன்னது ஆமாமா, எப்படியா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "முதல்ல எப்படி. அப்புறம் ஆமாம், ஆன்ட்டி" என்றார். அதற்குள் அவருக்கு எங்கள் வீட்டு இந்தி வந்திருந்தது. கணவரிடம் இதைச் சொன்னேன். "பாத்தியா, ஆமாம்னு அவரே சொல்லிட்டாரு" என்றார்.

அப்படித்தான் பயில்வான் நடிகரானார். படிப்பு முடிந்து இன்னொரு படிப்பு சேர்ந்தார். நடுவில் படம் படமாக வந்துகொண்டிருந்தது. எல்லாப் படத்திலும் அவருக்கு ஒரே வேலை, கதாநாயகனிடம் அடி வாங்குவது. இவர் தோளுக்குக்கூட வராத பையன் ஒற்றைக் கையால் தூக்கிச் சுழற்றி வீசுவான். இவர் காய்கறி வண்டி மேல் போய் விழுவார், கண்ணாடியை உடைத்துக்கொண்டு போவார், ஒரு படத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகீழாக. டிவியில் வந்தால் தெருவே எங்கள் வீட்டில் கூடிவிடும். "பயில்வான், தேக் தேக், அப் கிர்த்தா தூ!" என்று சின்னப் பிள்ளைகள் கத்தும். பார், இப்போ விழப் போறே என்று. அவரும் கூடவே உட்கார்ந்து சிரிப்பார். படத்தில் பேச்சு கிடையாது. விழும்போது வருகிற அலறலும் வேறு யாருடையதோ.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் அவருடைய அம்மாவோடு போனில் பேசுவார். அந்தம்மா அங்கே சந்தையில் துணி விற்கிறவர். குரல் மாடியிலிருந்து எங்கள் சமையலறை வரை வரும். ஒரு ஞாயிறு பேசி முடித்துவிட்டுக் கீழே வந்தவர் மோடாவில் உட்கார்ந்து கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி, இன்டர்நெட்டில் வந்த ஒரு சண்டைக்காட்சியை அம்மாவுக்குக் காட்டியிருக்கிறான். "அந்தச் சின்ன ஆளை உன்னை அடிக்க எதுக்கு விடுறே? உனக்குக் கையில ஏதாவது வலியா?" என்று கேட்டாராம் அந்தம்மா. அது நடிப்பு அம்மா என்றிருக்கிறார் இவர். "நடிப்புன்னா ஒரு தடவையாவது அடி வாங்காம நடிச்சுக் காட்டு. சந்தையில எல்லாரும் கேக்கிறாங்க" என்றாராம். இதைச் சொல்லிவிட்டுப் பயில்வான் சிரித்தார். ஆனால் மறுநாள் காலை மஞ்சள் கருக் கிண்ணம் கீழே வரவில்லை.

அதன்பிறகு எந்தப் படத்துக்குக் கூப்பிட்டாலும் ஒரே விண்ணப்பம்தான். ஒரு காட்சி, சின்னதானாலும் போதும், அடி இல்லாமல் ஒரு காட்சி. கேட்டவர்கள் எல்லோரும் "ஹவ் ஹவ், பார்க்கலாம்" என்றார்கள். எங்கள் ஊரில் ஒரு ஹவ் என்றால் ஆமாம், இரண்டு ஹவ் சேர்ந்து வந்தால் இல்லை என்று பொருள். வருஷங்கள் போயின. மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். அப்போதுதான் அந்தப் பழைய வெள்ளைச் சட்டை மேனேஜர் மறுபடி வந்தார். தீப்பிடித்த வீட்டிலிருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றித் தூக்கிவருகிற வாட்ச்மேன் வேஷம். அடி கிடையாது. பேச்சும் உண்டு. "பாபகி ஏமீ காலேது." குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெலுங்கில் ஒரு வரி. என் மகள்தான் வாத்தியார். ஒரு வாரம் மாடியிலிருந்து குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அதைக் கேட்கக் கேட்க, ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

பேகம்பேட்டில், இடிப்பதற்கு விட்டிருந்த ஒரு பழைய பங்களாவில் படப்பிடிப்பு. நாங்கள் மூவரும் பார்க்கப் போனோம். முதல் மாடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு மரப்படி இறங்கியது. அதற்குக் கைப்பிடி இல்லை. பயில்வான் புகைக்குள்ளிருந்து இரண்டு வயசுக் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு மேல்படியில் வந்து நின்றார். ஒத்திகைதான். ஆனால் அவர் பார்வை படியின் ஓரத்தைத் தாண்டிக் கீழே போனது எனக்குத் தெரிந்தது. என்னை மறந்து கத்திவிட்டேன். "பயில்வான், பாத்து! கீழ பாக்காதீங்க! குழந்தையப் பாருங்க, குழந்தையப் பாருங்க! மெதுவா, மெதுவா!" யாரோ என்னை அதட்டினார்கள். கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். பயில்வான் தமிழ் அறியாதவர். ஆனாலும் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். தரையைத் தொட்டதும் நிமிர்ந்து, "பாபகி ஏமீ காலேது" என்றார். மகள் தன் போனில் முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

காமிரா ஓடுவதற்கு முன்னால் டைரக்டருக்கு ஒரு யோசனை வந்தது. வாட்ச்மேன் இறங்கியதும் கதாநாயகன் ஓடிவந்து, இவன்தான் பிள்ளை பிடிக்கிறவன் என்று தப்பாக நினைத்து ஒரு குத்து விடட்டும், உண்மை தெரிந்ததும் கட்டிக்கொள்ளட்டும் என்றார். மேனேஜர் வந்து பயில்வானின் தோளில் தட்டினார். "ஒரே ஒரு அடி பயில்வான். அப்புறம் ஹீரோவே கட்டிப் பிடிச்சுக்குவாரு. ஹவ்?"

பயில்வான் குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்தார். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிப் படியில் வைத்தார்.

"நக்கோ" என்றார்.

இந்தச் சொல்லில் எந்தக் குழப்பமும் இல்லை. இங்கிலீஷில் இப்படி ஒரு வார்த்தையே கிடையாது. மேனேஜர் "கைக்கு?" என்றார், ஏன் என்று. "அம்மா பாக்கும்" என்றார் இவர் இந்தியில். மேனேஜர் சிரித்தார். சிரித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அரை மணியில் இன்னொரு ஜிம் பையனைக் கூட்டிவந்து அந்த வேஷத்தைப் போட்டுவிட்டார்கள். அவன் அடி வாங்கினான், கட்டிப்பிடிக்கப்பட்டான். படம் ஓடியதா என்று எனக்குத் தெரியாது.

ஆட்டோவில் பயில்வான் ஏறினால் எங்களுக்கு இடமிருக்காது. அதனால் எல்லோரும் பஸ்ஸில் திரும்பினோம். என் கணவருக்கு ஆறவில்லை. "எத்தனை அடி வாங்கியிருக்கே, கூட ஒண்ணு வாங்கக்கூடாதா? பெரிய பெரிய ஆளுங்க நோகிற மாதிரி நக்கோங்கறியே" என்றார். "அதுக்கெல்லாம் நான் ஹவ்னு சொல்லியிருந்தேன், அங்கிள்" என்றார் பயில்வான். அப்புறம் அந்தக் கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. மற்ற கம்பெனிகளும் மெல்ல நின்றன. ஜிம்மில் பயிற்சி கொடுத்துக் காலம் தள்ளினார்.

மகள் போனில் எடுத்திருந்ததைப் பயில்வான் அன்றே தன் அம்மாவுக்கு அனுப்பியிருந்தார். ஆட்டமாக, பாதி புகையாக, ஒரு ஓரத்தில் என் கணவரின் முழங்கை தெரிகிற படம். ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தம்மாவின் குரல் எங்கள் சமையலறை வரை வந்தது. நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் நான் படியடியில் போய் நின்றேன். பயில்வான் இறங்கி வந்து சொன்னார். அம்மா அதைச் சந்தை முழுக்கக் காட்டிவிட்டார். மகன் இறங்கி வந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது எதிர்பார்த்ததுதான் என்பதுபோல விட்டுவிட்டார். கேட்டது ஒன்றே ஒன்று. "பின்னால கத்துற பொம்பளை யாரு?" கீழ்வீட்டு ஆன்ட்டி என்றிருக்கிறார் இவர். "சரி. அப்போ அங்கேயே இரு" என்றாராம்.

ஆனால் அங்கேயே இருக்க விடவில்லை அந்தம்மாவின் உடம்பு. அடுத்த வருஷம் பக்கவாதம் வந்து படுத்துவிட்டதாகத் தம்பி போன் செய்தான். பயில்வான் இரண்டு பெட்டியோடு கிளம்பினார். இரும்பெல்லாம் டயர் மேலேயே இருந்தது. முந்தின நாள் நான் அட்வான்ஸ் பணத்தை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். எண்ணவில்லை. என் கையிலேயே திருப்பி வைத்தார். "அட்வான்ஸ் வீட்டைக் காலி பண்றவங்கதான் வாங்குவாங்க, ஆன்ட்டி" என்றார்.

டாக்ஸி வந்து நின்றது. நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனவரிடம், "வாபஸ் ஆத்தே நா?" என்று கேட்டேன். திரும்பி வருவீர்கள்தானே என்று. பயில்வான் திரும்பிப் பார்த்து, "ஹவ்" என்றார். அந்த நேரம் பார்த்து டாக்ஸிக்காரன் ஹாரனை அடித்தான். முதல் தடவை ஆறு பேர் நடுவில் அந்த வார்த்தையின் வாலைப் பிடித்தவள் நான். இந்தத் தடவை அது மேலே போனதா கீழே போனதா என்று எனக்குக் கேட்கவில்லை.

இரண்டு மூன்று தடவை போன் வந்தது. அம்மா எழுந்து உட்கார்ந்தார், கோல் ஊன்றி நடக்கிறார் என்றார். அப்புறம் நம்பர் மாறிவிட்டது. மேல் அறையை ரொம்ப நாள் சும்மா போட்டு வைத்திருந்தோம். பிறகு முடியவில்லை, சாஃப்ட்வேர் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். இரும்பையும் டயரையும் படிக்கட்டுக்கு அடியில் நகர்த்தி வைத்தோம். என் மகள் கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். பக்கத்து வீட்டம்மா வீட்டை விற்றுவிட்டு உப்பல் பக்கம் போய்விட்டாள். ஆறு பேர் இருந்த கூடத்தில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான். டிவியில் எப்போதாவது பயில்வான் வந்து காய்கறி வண்டி மேல் விழுவார். அவர் விழுந்ததும் எங்கள் பழைய வழக்கு ஆரம்பிக்கும். வேடிக்கை என்னவென்றால், கட்சி மாறிவிட்டோம். "விசா வேணும், டிக்கெட் வேணும், அந்தம்மாவை விட்டுட்டு எப்படி வர்றது? அதைத்தான் கேட்டுட்டுப் போயிருக்கான். ஹவ்னா எப்படின்னு அர்த்தம், நீதானே சொன்னே" என்கிறார் கணவர். நான் ஆமாம் என்கிறேன். முதலில் எப்படி, அப்புறம் ஆமாம்.

பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது ஊரே தன் பணத்துக்கு ஓடியது. நான் முதலில் அந்தக் கவரைத்தான் எடுத்தேன். வெயிலில் பாங்க் வரிசையில் நின்று மாற்றிக் கொண்டுவந்து, புது நோட்டுகளை அதே கவரில் போட்டு, அலமாரியில் அதே இடத்தில் வைத்தேன். யாருக்கு இவ்வளவு பதற்றம் என்று கணவர் கேட்டார். காலி பண்ணாதவருடைய அட்வான்ஸ் நம் பணம் இல்லையே என்றேன். பயில்வானுக்கு நாங்கள் கொடுக்க வேண்டியது ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.